பராக்கில் ராத்திரி வேலை: ஓர் அக்னிவீருக்குப் பதில்

கேள்வி:

ஐயா, நான் காலாட்படையில் அக்னிவீர், அதாவது நாலு வருடச் சேவைக்குச் சேர்ந்த சிப்பாய். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிடித்தம் போக மாதம் 23,100 ரூபாய் கைக்கு வருகிறது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா காலில் அடிபட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறார். அவர் சிகிச்சைக்கு ஊரில் ஒருவரிடம் மூணு வட்டிக்கு இரண்டரை லட்சம் வாங்கியிருக்கிறோம். தங்கை நர்சிங் படிக்கிறாள். சேர்வதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். அந்த அண்ணன் இப்போதும் கூப்பிடுகிறார். ராத்திரி ஆளெண்ணும் ரோல் காலுக்குப் பிறகு செய்து அனுப்பினால் மாதம் எட்டாயிரம் தருவதாகச் சொல்கிறார், பணத்தை அம்மா கணக்கில் போட்டுவிடுவாராம். அது முடியாதென்றால் லீவில் வரும்போது உணவு டெலிவரி ஓட்டலாமா? போன லீவில் இரண்டு வீடியோ செய்து கொடுத்து மூவாயிரம் வாங்கினேன். அது தப்பா? நாங்கள் தங்கும் பராக்கில் எத்தனையோ பேர் ஷேர் மார்க்கெட்டே கதி என்று கிடக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லையே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்:

தம்பி, எடிட்டிங் வேலை வேண்டாம். லீவில் டெலிவரியும் வேண்டாம். அம்மா கணக்கு வேண்டவே வேண்டாம். வெறுமனே "கூடாது" என்று சொல்லி அனுப்பினால் மூணு வட்டி அப்படியே நிற்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் காரணத்தையும் சொல்லி, கடனுக்கும் வருகிறேன்.

இன்று நான் படைவீரர் வழக்குகளை நடத்தும் வக்கீல். அதற்கு முன்னால் பதினேழு வருடம் யூனிட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். லீவு, கடன், கல்யாணம், நிலத்தகராறு என்று சிப்பாய்களுக்காக எத்தனையோ விண்ணப்பங்களை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். கூலிக்கு வெளிவேலை பார்க்கச் சிப்பாய் ஒருவருக்கு அனுமதி கொடுத்த தாள் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. முன் அனுமதி இல்லாமல் வேறு தொழிலோ வேலையோ பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. கேட்டால் கிடைக்கும் என்று நம்பி அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. மத்திய அரசு ஊழியர் எப்போதாவது செய்யும் கலை, இலக்கிய, அறிவியல் வேலைக்கு அனுமதியே தேவையில்லை, எடிட்டிங்கும் கலைதானே என்று. 1964ஆம் ஆண்டின் மத்திய சிவில் பணி நடத்தை விதிகளில் 15ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது, பொய் இல்லை. ஆனால் அந்த விதிகள் சிவில் பதவியில் இருப்பவர்களுக்கு. உங்கள் யூனிட்டிலேயே சிவிலியன் ஊழியர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பொருந்தும். நீங்கள் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் கீழ் இருப்பவர். உங்கள் கணக்கு வேறு. மாதாமாதம் எட்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டு செய்வதை "எப்போதாவது" என்று அந்தச் சிவிலியன்கூடச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரோல் கால் முடிந்தால் நேரம் நம்முடையது என்று எல்லோருக்கும் தோன்றும். ராத்திரி இரண்டு மணிக்கு "ஸ்டாண்ட் டூ", அதாவது ஆயுதத்தோடு தயாராக நில், என்று குரல் வரும்போதுதான் அது யூனிட்டின் நேரம் என்பது நினைவுக்கு வரும். கல்யாண வீடியோ ஒன்றுக்கு ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்தவன் மறுநாள் நாலு மணிக்குச் சென்ட்ரி (காவல்) ட்யூட்டியில் எப்படி நிற்பான் என்று உங்களுக்கே தெரியும். சென்ட்ரியில் தூங்குவது ராணுவச் சட்டத்தில் தனியாகப் பெயர் சொல்லி வைத்திருக்கும் குற்றம். எட்டாயிரத்துக்காக அந்த இடத்தில் போய் நிற்காதீர்கள்.

அடுத்து அந்த போனும் லேப்டாப்பும். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது நினைவிருக்கும். யாரோ அனுப்பும் பெரிய பெரிய ஃபைல்களைப் பராக்கில் இருந்துகொண்டு இறக்கி, யாரென்றே தெரியாத வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் அதைச் சம்பாத்தியம் என்று யூனிட் பார்க்காது, பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் பார்க்கும். உங்கள் ஸ்டுடியோ அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி", "படத்தை எடிட் செய்து கொடுத்தால் பணம்" என்று வலை வீசி, படையில் இருப்பவர்களை மெல்ல மெல்லத் தகவல் கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு விவகாரம் கிளம்பினால் அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டம், 1923 வரைக்கும் பேச்சு போகும். டெலிகிராமில் வரும் "டாஸ்க் முடித்தால் காசு" என்பதும் ஒரு வலைதான். அது உளவு கிடையாது, வெறும் மோசடி. முதலில் இருநூறு ரூபாய் கொடுத்து அப்புறம் இருபதாயிரத்தைப் பிடுங்குவார்கள். ஏற்கனவே மாட்டியவர் யாராவது பக்கத்துக் கட்டிலில் இருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன்னால் சொன்னால்தான் பிரயோஜனம்.

அம்மா கணக்குக்கு வருகிறேன். வேலை உங்களுடையது, பணம் மட்டும் அம்மா பெயரில் என்றால், விதியை மீறியதோடு மறைக்கவும் பார்த்தீர்கள் என்று ஆகிவிடும். முதலாவதை மன்னிக்கும் கமாண்டிங் ஆபீசருக்குக்கூட இரண்டாவதை மன்னிக்க மனம் வராது. மறைவதும் இல்லை. யுபிஐயில் தேதி, நேரம், யாரிடமிருந்து வந்தது எல்லாம் அப்படியே நிற்கும். அம்மாவே உண்மையாக ஒரு தையல் கடையோ மாவு வியாபாரமோ நடத்தினால் அது அவர் தொழில், தாராளமாக நடத்தலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஆபீசில் தெரியப்படுத்தி வைப்பது. செய்யக் கூடாதது, "எங்க அம்மா கடையில வாங்குங்க" என்று பராக்கில் ஆள் பிடிப்பது.

உழைப்புக்கு வாங்கும் கூலியையும் சொத்திலிருந்து வரும் வருமானத்தையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தாத்தா நிலத்துக் குத்தகை, வீட்டு வாடகை, வங்கி வட்டி, மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இரண்டாவது வேலை ஆகாது. கான்டீன் கோட்டாவில் வாங்கியதை வெளியில் விற்பது வேலையும் இல்லை, சொத்தும் இல்லை, நேரடியான குற்றம். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பணமுடை வந்தால் பக்கத்துக் கட்டில்காரர் முதலில் சொல்லித்தரும் வழி அதுதான் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஷேர் மார்க்கெட்டும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. நீண்ட நாளைக்கு வாங்கிப் போட்டு வைப்பவரை யாரும் கேட்பதில்லை. பரேடுக்கு நடுவில் போனை எடுத்து ஆப்ஷன் பார்ப்பவரை இன்றைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2024 செப்டம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்திருந்தார்கள், ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம். கிட்டத்தட்ட உங்கள் கடன் அளவு. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் இல்லை.

லீவு விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற சிப்பாய்களுக்கு வருடாந்திர விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். உங்களுக்கு வருடத்துக்கு மொத்தமே 30 நாள். லீவில் இருந்தாலும் ராணுவச் சட்டம் உங்கள் மேல் இருக்கும், லீவு சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கியதும் அது கழன்றுவிடாது. அதைவிட எனக்குப் பெரிய கவலை விபத்து. என்னிடம் வந்த ஒரு ஹவில்தார் லீவில் ஊருக்குப் போனவர். மச்சானுக்கு உதவியாக லாரி ஓட்டினார், சம்பளத்துக்கு. லாரி கவிழ்ந்து இடுப்பெலும்பு போனது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு வந்தார். சேவைக்கும் அந்தக் காயத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்துவிட்டது. எனக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் நிலைமை அவரைவிட மெல்லியது. அக்னிவீர் ஒருவருக்குச் சேவையால் ஊனம் ஏற்பட்டால், ஊனத்தின் அளவைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று ஒருமுறைத் தொகை உண்டு. டெலிவரி பையை முதுகில் மாட்டிக்கொண்டு விழுந்தால் இதில் ஒரு ரூபாய்கூட வராது. வீட்டில் இருக்கும் பைக்குக்குச் சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ்தான் இருக்கும். கூலிக்கு ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கும். முட்டி ஜவ்வு ஒன்று கிழிந்து உடல்தகுதியைக் குறிக்கும் மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிட்டால், நாலாவது வருட முடிவில் நிரந்தரமாக எடுக்கும் 25 சதவீதத்துக்குள் வரும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு லீவில் டெலிவரி ஓட்டி எவ்வளவு வரும்? அதை எதன் மேல் பந்தயம் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்பாவே சாலையில் அடிபட்டுத்தான் வீட்டில் இருக்கிறார்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ராணுவச் சட்டம் 63ஆவது பிரிவு ஒழுங்குக்குக் குந்தகமான எந்தச் செயலையும் உள்ளே கொண்டுவரும் அகலமான பிரிவு. கோர்ட் மார்ஷல் வரை போனால் ஏழு வருடம் வரை சிறை விதிக்க அதில் இடம் உண்டு. கல்யாண வீடியோவுக்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள், பயப்பட வேண்டாம். நடப்பது 80ஆவது பிரிவு. கமாண்டிங் ஆபீசரே விசாரித்து 28 நாள் வரை தண்டனை கொடுக்கலாம். 28 நாளை எப்படியோ கழித்துவிடலாம். அதோடு ஆவணத்தில் ஏறும் ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சிவப்பு மைத் தண்டனைப் பதிவு, கழியாது. உங்களை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது நாலு வருட ஏட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

போன லீவில் வாங்கிய மூவாயிரம் தப்புதான். இனி செய்யாதீர்கள். அதற்காக ராத்திரியில் வியர்த்துப்போய் சுபேதார் சாஹிப்பின் கதவைத் தட்டவும் வேண்டாம். யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பது, அண்ணனை வேறு கதை சொல்லச் சொல்வது எல்லாம் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கும் வேலை.

சரி, கடன்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். இரண்டரை லட்சத்துக்கு மாதம் 7,500. உங்கள் எடிட்டிங் வருமானம் எட்டாயிரம். ராத்திரியெல்லாம் கண் விழித்துச் சம்பாதிப்பது அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போகும், அசலில் ஐந்நூறு ரூபாய் குறையும். இதற்காகவா வேலையைப் பணயம் வைக்கிறீர்கள்? இரண்டாவது வேலை தேடுவதற்கு முன்னால் அந்தக் கடனை இடம் மாற்றப் பாருங்கள். சம்பளம் வரும் வங்கியிலேயே தனிநபர் கடன் கேளுங்கள். உதாரணத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு மீதமிருக்கும் 30 மாதத்தில் மாதம் சுமார் 9,700 கட்டி முழுக்கடனையும் முடித்துவிடலாம். இப்போது கட்டும் வட்டிக்கு மேல் 2,200 ரூபாய்தான். மூன்றாம் வருடம் உங்கள் தொகுப்பூதியம் 36,500 ஆகும்போது கைக்கு 25,550 வரும். அந்தக் கூடுதலே அதைத் தாங்கும். நாலாம் வருடம் 28,000. மூன்றாம் வருடம் தொடங்கும் வரையுள்ள சில மாதங்கள்தான் இடுக்கு.

வங்கி முழுத்தொகை கொடுக்காவிட்டால் கொடுக்கும் அளவுக்கு வாங்கி, அந்த அளவுக்கு மூணு வட்டியைக் குறையுங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி பக்கம் மட்டும் போகாதீர்கள். மாதாமாதம் பிடித்து முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதியைக் காட்டி ஊரில் வேறு யாரிடமும் கைமாற்று வாங்கவும் கூடாது. அரசின் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11.71 லட்சம் என்று திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள், வருமான வரியும் கிடையாது. நாலு வருடம் முடிந்த பிறகு உங்கள் வாழ்க்கையைத் தொடங்க இருக்கும் காசு அது ஒன்றுதான். ஓய்வூதியம் இல்லாத வேலையில் இருக்கிறீர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஊரில் வட்டிக்காரர் மிரட்டுகிறாரா என்று எழுதவில்லை. மிரட்டினால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் இருக்கும். பெயரில்தான் "முன்னாள்", இப்போது சேவையில் இருப்பவரின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள். அப்பாவால் போக முடியாது என்றால் தங்கையை அனுப்புங்கள், உங்கள் யூனிட் கடிதத்தோடு போனால் பேச்சுக்கு எடை கூடும். இன்னொன்று, ராணுவச் சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி சிவில் கோர்ட் தீர்ப்பை வைத்து உங்கள் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. "உன் சம்பளத்தைப் பிடிக்க வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அசர வேண்டாம். கட்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யூனிட் கடிதம் வேண்டுமென்றால் யூனிட்டுக்கு உங்கள் நிலைமை தெரிய வேண்டும். இதில்தான் நம் பையன்கள் தயங்குகிறார்கள். கடன் என்று சொன்னால் கௌரவம் போய்விடும் என்ற நினைப்பு. நான் பார்த்தவரை, கடனைச் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறைத்தவன்தான் மாட்டியிருக்கிறான். முதலில் பிளாட்டூன் ஜேசிஓவிடம் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) தனியாகப் பேசுங்கள். அவர் வழியாகக் கம்பெனி கமாண்டர், தேவைப்பட்டால் அவர் வழியாகக் கமாண்டிங் ஆபீசருடன் இன்டர்வியூ. யூனிட்டே கூடும் சைனிக் சம்மேளனில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்டுவிடாதீர்கள், நானே ஒரு முறை பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பாவின் சிகிச்சைத் தாள்கள், கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, என்ன உதவி வேண்டும். அதில் "உதவி செய்யவும்" என்று பொதுவாக எழுதாமல், வங்கிக் கடனுக்குப் பரிந்துரைக் கடிதம், நலநிதியில் இருந்து ஏதாவது முடியுமா, கடனை மாற்ற ஊருக்குப் போகப் பத்து நாள் லீவு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒன்றாவது கிடைக்கும்.

எடிட்டிங் தெரிந்த கையை வீணாக்கச் சொல்லவில்லை. காசு வாங்காமல் பழகுங்கள், தங்கை காலேஜ் விழாவையோ வீட்டு விசேஷத்தையோ வெட்டி ஒட்டிப் பாருங்கள். யூனிட், ஆயுதம், சீருடை, இடம் எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. வீடியோ போட்டு யூடியூபில் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், சேவை தொடர்பான எதையும் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று ராணுவ விதிகள், 1954இல் 21ஆவது விதி இருப்பதைச் சொல்லுங்கள். படிப்புக்குத் தடை இல்லை. அக்னிவீர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண் புள்ளிகள் ராணுவத்தில் வாங்கும் பயிற்சிக்கே கிடைக்கும். வெளியே வந்தால் மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் பதவிகளில் ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. வேலையும் சீருடையும் இரண்டும் வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருந்தால் பிராந்திய ராணுவம் இருக்கிறது. 1948 சட்டத்தில் உருவாகி, 1949 அக்டோபர் 9ஆம் தேதி அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தது. கோயம்புத்தூரில் அதன் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. அங்கே சிவிலியன் வேலைதான் முதல், சீருடை பகுதி நேரம். நீங்கள் இப்போது கேட்டதற்கு நேர் தலைகீழ்.

கடனை மாற்றும் அன்றைக்கு ஒரு காரியம் தவறக் கூடாது. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டும் வெற்றுக் காசோலைகளும் வட்டிக்காரரிடம் இருக்கும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்து, அந்தத் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். "அப்புறம் தேடித் தர்றேன்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள், அங்கேயே உட்காருங்கள்.